டீம் மீட்டிங்கில் எந்த எஸ்க்யூஎல் அம்சத்தை எடுத்துப் பேசலாம்?

கேள்வி இதுதான்: எட்டுப் பேர் கொண்ட பேக்கெண்ட் டீம். முக்கிய டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ். பழைய சர்வீஸ் ஒன்று மட்டும் மைஎஸ்க்யூஎல்லில் ஓடுகிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மீட்டிங்கில் 15 நிமிடம், டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லுக்கென ஒதுக்கியிருக்கிறார்கள். எந்தெந்த அம்சங்களைப் பேசுவது, எதை முதலில் எடுப்பது, எதை விட்டுவிடுவது?

புதிய பதிப்பின் ரிலீஸ் நோட்ஸைத் திறந்துவைத்துத் தலைப்பு பொறுக்காதீர்கள். கேட்க நன்றாக இருக்கும், மறுநாள் ஒருவரும் பயன்படுத்த மாட்டார்கள். உங்கள் கோடில் ஏற்கெனவே தப்பாகவோ சுற்றிவளைத்தோ எழுதப்பட்டிருக்கிற குவெரிதான் தலைப்பைத் தரவேண்டும். "இதை இப்படி எழுதியிருக்கிறோம், இந்த அம்சம் தெரிந்தால் இப்படி எழுதலாம்" என்று ஒரே மூச்சில் சொல்ல முடிகிறதா என்பதுதான் சோதனை. முடியாவிட்டால் அந்தத் தலைப்பு இப்போதைக்கு வேண்டாம்.

அப்படிப்பட்ட குவெரிகளைத் தேட முதல் இடம் பிஜி_ஸ்டேட்_ஸ்டேட்மென்ட்ஸ், ஓடிய குவெரிகளின் நேரத்தைப் பதிந்துவைக்கும் போஸ்ட்கிரெஸ் எக்ஸ்டென்ஷன். இதை ஷேர்டு_ப்ரீலோட்_லைப்ரரீஸ் அமைப்பில் சேர்த்து, சர்வரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, பிறகு கிரியேட் எக்ஸ்டென்ஷன் கொடுக்கவேண்டும். ரீஸ்டார்ட் வேண்டும் என்பதை மறந்துவிட்டு "வியூ காலியாக இருக்கிறதே, எரர் வருகிறதே" என்று அலைபவர்கள் அதிகம். அதில் சராசரி நேரத்தை வைத்து வரிசைப்படுத்தாதீர்கள், மொத்த நேரத்தை வைத்து வரிசைப்படுத்துங்கள் (13ஆம் பதிப்பிலிருந்து அந்த ஃபீல்டின் பெயர் டோட்டல்_எக்ஸெக்_டைம்). இரவில் ஒருமுறை 4 விநாடி ஓடும் ரிப்போர்ட்டைவிட, நாளுக்கு லட்சம் தடவை 20 மில்லிவிநாடி ஓடும் குவெரிதான் சர்வரைத் தின்கிறது. முதல் 30 குவெரிகளைப் படித்தாலே நான்கைந்து தலைப்புகள் தேறும். மைஎஸ்க்யூஎல்லில் இதே வேலையை பெர்ஃபார்மன்ஸ் ஸ்கீமாவில் உள்ள டைஜஸ்ட் டேபிள் செய்யும். அங்கே நேரம் பிகோவிநாடியில் இருக்கும், ஒரு லட்சம் கோடியால் வகுத்தால்தான் விநாடி. ஸ்லோ குவெரி லாகை நம்பினால் கவனம்: அதன் டிஃபால்ட் வரம்பு 10 விநாடி. அதைக் குறைக்காமல் பார்த்தால் எல்லாம் வேகமாக ஓடுவதுபோலத்தான் தெரியும்.

இரண்டாவது இடம் அப்ளிகேஷன் கோடு. எல்லா ரெக்கார்டையும் எடுத்துவந்து லூப்பில் "ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் கடைசி ஆர்டர்" தேடுகிற கோடு, முதலில் செலக்ட் செய்து இருக்கிறதா என்று பார்த்துப் பிறகு இன்செர்ட்டா அப்டேட்டா என்று முடிவெடுக்கிற கோடு, இன்செர்ட் முடிந்ததும் ஐடியைத் தெரிந்துகொள்ள இன்னொரு செலக்ட் போடுகிற கோடு. இவை ஒவ்வொன்றுக்கும் நேரான எஸ்க்யூஎல் அம்சம் உண்டு. மூன்றாவது இடம் பழைய பக் டிக்கெட்டுகள். "ரிப்போர்ட்டில் தொகை இரட்டிப்பாகக் காட்டுகிறது", "31ஆம் தேதி விற்பனை விடுபட்டிருக்கிறது" போன்றவை பெரும்பாலும் தனிமனிதத் தவறு கிடையாது. மொழியின் ஒரு மூலையைப் பற்றி டீம் முழுக்கத் தெரியாமல் இருப்பதன் அடையாளம்.

கையில் பத்துப் பதினைந்து தலைப்புகள் சேர்ந்ததும் வடிகட்டுங்கள். குறைந்தது மூன்று இடத்தில் நம் கோடில் இது வருகிறதா? நம் புரொடக்ஷன் பதிப்பில் இது இருக்கிறதா? பத்து ரெக்கார்டு உள்ள டேபிளை வைத்து இதைக் காட்டிவிட முடியுமா? மூன்றுக்கும் ஆம் என்று வருவதை எடுங்கள்.

பதிப்பு விஷயத்தில் லேப்டாப்பில் உள்ள டாக்கர் இமேஜை நம்பாமல் புரொடக்ஷனில் செலக்ட் வெர்ஷன் ஓட்டிப் பாருங்கள். விண்டோ ஃபங்ஷனும் (ரெக்கார்டுகளைச் சுருக்காமலேயே, தொடர்புள்ள மற்ற ரெக்கார்டுகளையும் சேர்த்துக் கணக்கிடுவது) வித் எனத் தொடங்கும் சிடிஇயும் (குவெரிக்குள் பெயர் வைத்து எழுதும் துணைக் குவெரி) போஸ்ட்கிரெஸ்ஸுக்கு 2009இல் 8.4உடனேயே வந்துவிட்டன, மைஎஸ்க்யூஎல்லுக்கு 2018இல் 8.0உடன்தான் வந்தன. உங்கள் பழைய சர்வீஸ் இன்னும் 5.7இல் இருந்தால் இரண்டுமே கிடையாது. அந்தப் பதிப்புக்கான ஆதரவு 2023 அக்டோபரில் முடிந்துவிட்டது என்பது வேறு விஷயம், அதையும் அந்த மீட்டிங்கிலேயே போட்டு உடைக்கலாம். ஆன் கான்ஃப்ளிக்ட், ஸ்கிப் லாக்டு, குரூப்பிங் செட்ஸ் (ஒரே குவெரியில் பல விதமாகத் தொகுப்பது) மூன்றும் போஸ்ட்கிரெஸ் 9.5இல் வந்தவை, மெர்ஜ் 15இல். லேட்டரல் (இடப்பக்கத்தின் ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் ஒரு சப்குவெரியை ஓட்டும் ஜாயின்) போஸ்ட்கிரெஸ்ஸில் 9.3, மைஎஸ்க்யூஎல்லில் 8.0.14. விண்டோ ஃபங்ஷன் விடையை நேராக வடிகட்டும் குவாலிஃபை என்ற வசதி ஸ்னோஃப்ளேக், பிக்குவெரி, டக்டிபி ஆகியவற்றில் உண்டு. உங்களுடைய இரண்டிலும் இல்லை. அதைப் பார்த்துவிட்டு வந்து யாராவது ஆசையாக ஸ்லைடு தயாரித்தால் முன்பே தடுத்துவிடுங்கள்.

இனி எதை எடுப்பது. முதல் மீட்டிங்குக்கு நல், அதாவது ஒரு ஃபீல்டில் மதிப்பே இல்லை என்பதற்கான குறி. இதில் கவர்ச்சி ஒன்றுமில்லை, ஆனால் இதைவிட அதிகமான தவறான ரிப்போர்ட்டுகளுக்குக் காரணமான விஷயம் எஸ்க்யூஎல்லில் வேறு இல்லை. நாட் இன்னை வைத்தே தொடங்குங்கள். வாடிக்கையாளர்கள் ஐந்து பேர், ஐடி 1 முதல் 5 வரை. தடைப்பட்டியல் என்று ஒரு டேபிள். அதில் வாடிக்கையாளர் ஐடி 1, 2, பிறகு ஒரு நல். "தடைப்பட்டியலில் இல்லாதவர்கள்" என்று நாட் இன் போட்டால் 3, 4, 5 வரவேண்டும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஓட்டினால் ஒரு ரெக்கார்டும் வராது. எரரும் வராது. ஏனென்றால் நாட் இன் என்பது "1 அல்ல, மேலும் 2 அல்ல, மேலும் நல் அல்ல" என்று விரிகிறது. நல்லோடு ஒப்பிட்டால் விடை உண்மையும் இல்லை, பொய்யும் இல்லை, தெரியாதது. தெரியாததை மற்றவற்றோடு ஆண்ட் போட்டுச் சேர்த்தால் முழு நிபந்தனையும் ஒருக்காலும் உண்மையாகாது. ரெக்கார்டுகளை வடிகட்டும் வேர் பகுதி, நிபந்தனை உண்மையானதை மட்டுமே விடும். அதே கேள்வியை நாட் எக்ஸிஸ்ட்ஸில் எழுதினால் 3, 4, 5 ஒழுங்காக வரும்.

வேகக் கணக்கும் இதில் ஒளிந்திருக்கிறது. குவெரியை எப்படி ஓட்டுவது என்று தீர்மானிக்கும் போஸ்ட்கிரெஸ் பிளானர், நாட் எக்ஸிஸ்ட்ஸை ஆன்ட்டி ஜாயினாக (ஜோடி கிடைக்காதவற்றை மட்டும் விடும் ஜாயின்) மாற்றிவிடும். சப்குவெரியோடு வரும் நாட் இன்னை, இப்போது பரவலாகப் புழங்கும் பதிப்புகளில், அப்படி மாற்றாது. பட்டியல் மெமரிக்குள் அடங்கினால் ஹாஷ் போட்டுச் சமாளிக்கும். அடங்காவிட்டால் வெளியே உள்ள ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் உள்ளே முழுதாகத் துழாவும். இந்த மெமரி வரம்பை வைக்கும் வொர்க்_மெம் அமைப்பின் டிஃபால்ட் 4 எம்பிதான். டெஸ்ட் சர்வரில் பறந்த குவெரி புரொடக்ஷனில் உறைந்துபோவதற்கு இதுவே போதும்.

அதே மீட்டிங்கில் நேரம் இருந்தால் இன்னும் ஒன்று: லெஃப்ட் ஜாயின் போட்டுவிட்டு, வலப்பக்க டேபிளின் ஃபீல்டுக்கு வேரில் நிபந்தனை வைப்பது. ஆர்டரே இல்லாத வாடிக்கையாளரும் வரவேண்டும் என்றுதான் லெஃப்ட் ஜாயின் போட்டோம்; "ஆர்டர் நிலை = செலுத்தப்பட்டது" என்று வேரில் எழுதிய உடனே நல்லாக வந்தவர்கள் கழன்றுவிடுவார்கள், லெஃப்ட் ஜாயின் வெறும் இன்னர் ஜாயின் ஆகிவிடும். நிபந்தனையை ஆன் பகுதிக்கு நகர்த்தவேண்டும். கவுன்ட்டுக்குள் நட்சத்திரக்குறி வைப்பதற்கும் ஃபீல்டு பெயர் வைப்பதற்கும் உள்ள வித்தியாசத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம்: முன்னது ரெக்கார்டுகளை எண்ணும், பின்னது நல் அல்லாதவற்றை மட்டும் எண்ணும். ஆர்டரே இல்லாதவருக்கு முன்னது 1 என்று காட்டும், பின்னது 0 என்று சரியாகக் காட்டும்.

இரண்டாவது மீட்டிங்குக்கு எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ், அதாவது குவெரியை ஓட்டி எந்தக் கட்டத்தில் எவ்வளவு நேரம் போனது என்று காட்டும் கட்டளை. பின்னால் வரும் எல்லாப் பேச்சிலும் "இது வேகமா?" என்ற கேள்வி எழும், அதற்கு ஊகத்தில் பதில் சொல்லும் பழக்கத்தை ஆரம்பத்திலேயே வெட்டிவிட வேண்டும். மூன்று விஷயம் போதும். ஒன்று, அனலைஸ் சேர்த்தால் குவெரி நிஜமாகவே ஓடும். டெலீட்டுக்கு முன்னால் போட்டால் ரெக்கார்டுகள் நிஜமாகவே அழியும். பிகின் போட்டு, ஓட்டிப் பார்த்து, ரோல்பேக் செய்யவேண்டும். இரண்டு, ஒவ்வொரு கட்டத்திலும் பிளானர் எதிர்பார்த்த ரெக்கார்டு எண்ணிக்கையையும் உண்மையில் வந்த எண்ணிக்கையையும் ஒப்பிடுங்கள். 1 எதிர்பார்த்து 80,000 வந்திருந்தால் பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது. பழைய புள்ளிவிவரம்தான் பெரும்பாலும் காரணம், அனலைஸ் கட்டளையைத் தனியாக ஓட்டினால் சரியாகலாம். மூன்று, லூப்ஸ் என்ற எண். காட்டப்படும் நேரமும் ரெக்கார்டு எண்ணிக்கையும் ஒரு சுற்றின் சராசரி. 0.05 மில்லிவிநாடி என்று பார்த்துவிட்டு "இது ஒன்றுமில்லை" என்று தாண்டிப்போகிறோம்; பக்கத்தில் லூப்ஸ் 40,000 என்று இருந்தால் அது 2 விநாடி. போஸ்ட்கிரெஸ் 18இல் அனலைஸ் போட்டாலே பஃபர்ஸ் விவரமும் (எவ்வளவு டேட்டா படிக்கப்பட்டது என்பது) சேர்ந்து வரும். அதற்கு முந்தைய பதிப்புகளில் கேட்டு வாங்கவேண்டும். மைஎஸ்க்யூஎல்லில் இந்த வசதி 8.0.18 முதல்.

மூன்றாவதாக நான் வைப்பது, சொல்லப்போனால், ஒரு அம்சமே இல்லை, ஒரு நோய். ஜாயினில் ரெக்கார்டுகள் பெருகுவது. ஒரு ஆர்டர்; அதற்கு 3 பொருள் ரெக்கார்டு, 2 பேமென்ட் ரெக்கார்டு, 500 ரூபாயும் 700 ரூபாயும். மூன்று டேபிளையும் ஒரே குவெரியில் ஜாயின் செய்தால் 3 பெருக்கல் 2, ஆறு ரெக்கார்டு வரும். பேமென்ட்டைக் கூட்டினால் 1,200 வரவேண்டிய இடத்தில் 3,600 வரும். இதைக் கண்டதும் பலரும் செய்வது சம்முக்குள் டிஸ்டிங்க்ட் போடுவது. மேற்சொன்ன எண்களுக்கு அது சரியான விடையைத் தந்துவிடும், அதுதான் ஆபத்து. பேமென்ட் இரண்டும் 500, 500 என்றிருந்தால் டிஸ்டிங்க்ட் ஒன்றை விழுங்கிவிட்டு 500 என்று காட்டும். மருந்து: பேமென்ட்டை ஆர்டர் ஐடி வாரியாக முதலில் ஒரு சிடிஇயிலோ சப்குவெரியிலோ கூட்டிவைத்து, பொருட்களையும் அப்படியே சுருக்கிவைத்து, பிறகு ஆர்டரோடு ஜாயின் செய்வது. ஆர்டருக்கு ஒரே ரெக்கார்டு என்பதை ஜாயினுக்கு முன்பே உறுதிசெய்துவிடுகிறோம்.

சிடிஇயைத் தனித் தலைப்பாக எடுக்க வேண்டியதில்லை, இந்த இடத்தில் அறிமுகம் செய்தால் போதும். ஆனால் ஒரு பழைய நம்பிக்கையைக் களைந்துவிடுங்கள். போஸ்ட்கிரெஸ் 11 வரை சிடிஇ தனியாக ஓடி முடித்துத் தேக்கிவைக்கப்படும். வெளியே போட்ட நிபந்தனை உள்ளே போகாது. 12இலிருந்து, ஒரே இடத்தில் பயன்படுத்தப்படும் சாதாரண சிடிஇயை பிளானர் குவெரிக்குள் கரைத்துவிடுகிறது. இரண்டு இடத்தில் பயன்படுத்தினால் இன்னும் தேக்கும். மெட்டீரியலைஸ்டு, நாட் மெட்டீரியலைஸ்டு என்று எழுதி இதை நாமே தீர்மானிக்கலாம். "சிடிஇ மெதுவானது" என்று கோட் ரிவியூவில் அடித்துச் சொல்லும் சீனியர் எந்த டீமிலும் ஒருவர் இருப்பார். அவர் சொன்னது ஒரு காலத்தில் சரி.

விண்டோ ஃபங்ஷனை ஒரே மீட்டிங்கில் முடிக்கப் பார்க்காதீர்கள். இரண்டாகப் பிரியுங்கள். முதல் பாதி, "ஒவ்வொருவருக்கும் கடைசி ஒன்று". ரோ_நம்பரை வாடிக்கையாளர் வாரியாகப் பார்ட்டிஷன் செய்து, தேதி இறங்குவரிசையில் எண்ணிட்டு, எண் 1 உள்ளதை எடுப்பது. இதில் எல்லோரும் முதல் தடவை முட்டிக்கொள்வது, விண்டோ ஃபங்ஷனை நேராக வேரில் எழுதுவதில்தான். வேர் ஓடி முடிந்த பிறகே விண்டோ கணக்கிடப்படுகிறது என்பதால் அது எரர் தரும். சப்குவெரிக்குள் எண்ணிட்டு வெளியே வடிகட்டவேண்டும். அடுத்த குழி சத்தமில்லாதது: ஒரே நேரத்தில் இரண்டு ஆர்டர் இருந்தால் எதற்கு 1 விழும் என்று சொல்ல முடியாது. இன்று ஒன்று வரும், நாளை இன்னொன்று வரும், டெஸ்ட் காரணமில்லாமல் விட்டுவிட்டுத் தோற்கும். ஆர்டர் பையின் கடைசியில் ஐடியையும் சேர்ப்பதைச் சட்டமாகவே வைத்துக்கொள்ளலாம். ரேங்க், டென்ஸ்_ரேங்க் இரண்டையும் ஒரே உதாரணத்தில் முடித்துவிடுங்கள்: மதிப்பெண் 100, 100, 90 என்றால் ரோ_நம்பர் 1, 2, 3, ரேங்க் 1, 1, 3, டென்ஸ்_ரேங்க் 1, 1, 2.

போஸ்ட்கிரெஸ்ஸில் இதே வேலைக்கு டிஸ்டிங்க்ட் ஆன் என்ற குறுக்குவழி உண்டு, எழுதவும் சுருக்கம். ஆர்டர் பை அதே ஃபீல்டில் தொடங்கவேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. ஆனால் ஒரு வாடிக்கையாளருக்கு ஆயிரக்கணக்கில் ஆர்டர் குவிந்திருந்தால் இவை இரண்டுமே எல்லாவற்றையும் படித்துவிட்டு ஒன்றை வைத்துக்கொள்ளும். அங்கே வாடிக்கையாளர் டேபிளிலிருந்து லேட்டரல் ஜாயின் போட்டு உள்ளே லிமிட் 1 வைப்பது வெல்லும். வாடிக்கையாளர் ஐடி, தேதி என்ற வரிசையில் ஒரு இன்டெக்ஸ் இருக்கவேண்டும். மூன்று வடிவத்தையும் எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள், இரண்டாவது மீட்டிங் எதற்கு என்று அப்போது புரியும்.

இரண்டாவது பாதி, ஓடும் கூட்டுத்தொகையும், முந்தைய ரெக்கார்டின் மதிப்பை எடுக்கும் லேகும். இங்கே உள்ள ஃப்ரேம் (கணக்கில் எந்தெந்த ரெக்கார்டு சேரும் என்ற வரம்பு) பொறி மிக நுட்பமானது, 15 நிமிடத்தில் பத்து நிமிடத்தை இதற்கே கொடுக்கலாம். நான்கு ரெக்கார்டு: 1ஆம் தேதி 200, 2ஆம் தேதி 300, அதே 2ஆம் தேதி 100, 3ஆம் தேதி 400. தேதிப்படி ஓடும் கூட்டுத்தொகை கேட்டால் 200, 500, 600, 1,000 என்றுதானே எதிர்பார்ப்போம்? வருவது 200, 600, 600, 1,000. ஓவருக்குள் ஆர்டர் பை போட்டுவிட்டு ஃப்ரேம் எதுவும் சொல்லாவிட்டால் டிஃபால்ட் ரேஞ்ச், அதாவது "ஆரம்பத்திலிருந்து, இந்த ரெக்கார்டுக்குச் சமமான மதிப்புள்ள கடைசி ரெக்கார்டு வரை". 2ஆம் தேதி ரெக்கார்டு இரண்டும் சமம், ஆகவே இரண்டும் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன. ரோஸ் பிட்வீன் அன்பவுண்டட் ப்ரிசீடிங் ஆண்ட் கரண்ட் ரோ என்று வெளிப்படையாக எழுதி, ஆர்டர் பையில் ஐடியையும் சேர்த்தால் சரியாகும். லாஸ்ட்_வேல்யூ எப்போதும் "தப்பாக" வருவதற்கும் இதே டிஃபால்ட்தான் காரணம்: ஃப்ரேம் தற்போதைய ரெக்கார்டோடு முடிந்துவிடுகிறது, பார்ட்டிஷனின் கடைசி வரை போவதில்லை. இறங்குவரிசையில் ஃபர்ஸ்ட்_வேல்யூ எடுத்தால் இந்தத் தலைவலியே இல்லை.

இதற்கு நடுவில் மூச்சுவிட ஒரு எளிய தலைப்பு வேண்டுமென்றால் ஃபில்டர். செலுத்தப்பட்டவை எத்தனை, ரத்தானவை எத்தனை, நிலுவை எத்தனை என்று மூன்று குவெரி ஓட்டுகிற டாஷ்போர்டு உங்களிடமும் இருக்கும். ஒவ்வொரு கவுன்ட்டுக்கும் பின்னால் ஃபில்டர் போட்டு வேர் நிபந்தனையை வைத்தால் டேபிளை ஒருமுறை படித்தே மூன்றும் கிடைக்கும். மைஎஸ்க்யூஎல்லில் ஃபில்டர் இல்லை, சம்முக்குள் கேஸ் வென் எழுதவேண்டும். சம்முக்குப் பதில் கவுன்ட் போட்டு எல்ஸ் 0 என்று முடித்தால் எல்லா ரெக்கார்டும் எண்ணப்பட்டுவிடும், ஏனென்றால் 0 நல் இல்லை. முதல் மீட்டிங்கில் சொன்ன அதே விஷயம்தான், வேறு முகத்தோடு.

அப்ஸெர்ட்டுக்கு (இருந்தால் அப்டேட், இல்லாவிட்டால் இன்செர்ட்) ஒரு முழு மீட்டிங் தரலாம். இருக்கிறதா என்று செலக்ட் செய்து, இல்லாவிட்டால் இன்செர்ட் செய்கிற கோடில் இரண்டு ரிக்வெஸ்ட் ஒரே நேரத்தில் வந்தால் இரண்டுமே "இல்லை" என்று பார்த்துவிட்டு இரண்டுமே இன்செர்ட் செய்யும். யூனிக் இன்டெக்ஸ் இருந்தால் ஒன்று எரராகும், இல்லாவிட்டால் இரட்டை ரெக்கார்டு. இன்செர்ட் ஆன் கான்ஃப்ளிக்ட் டூ அப்டேட் இதை ஒரே கட்டளையில் முடிக்கும். புதிதாக வந்த மதிப்பை எக்ஸ்க்ளூடட் என்ற பெயரில் எடுக்கலாம். கான்ஃப்ளிக்ட்டில் சொல்லும் ஃபீல்டுகளுக்குச் சரியாகப் பொருந்தும் யூனிக் இன்டெக்ஸ் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் எரர். ஒரே கட்டளையில் அனுப்பும் தொகுப்புக்குள்ளேயே அதே கீ இரண்டு தடவை இருந்தால், ஒரே ரெக்கார்டை இரண்டாம் முறை மாற்ற முடியாது என்று முழுக் கட்டளையும் விழும். அனுப்புமுன் தொகுப்பைச் சுத்தம் செய்யவேண்டும். டூ நத்திங் போட்டு ரிட்டர்னிங்கில் ஐடி கேட்டால், மோதிய ரெக்கார்டுக்கு ஒன்றும் திரும்பி வராது. இது தெரியாமல் ஐடி நல் என்று அடுத்த டேபிளில் போய் எழுதுகிற கோடு சர்வசாதாரணம். மேலும், மோதல் நடந்தாலும், ஐடி தரும் சீக்வென்ஸில் எண் ஒன்று செலவாகிவிடும். ஐடி வரிசையில் ஓட்டை விழும். பெரும்பாலான டேபிளுக்கு அது பொருட்டில்லை. நாளுக்குக் கோடிக்கணக்கில் அப்ஸெர்ட் நடக்கிற, நான்கு பைட் இன்டிஜர் ஐடி உள்ள டேபிளில் 214 கோடி வரம்பை அது சீக்கிரம் தொட்டுவிடும்.

மைஎஸ்க்யூஎல் பக்கம் ஆன் டூப்ளிகேட் கீ அப்டேட் இருக்கிறது. அது எந்த யூனிக் கீயில் மோதினாலும் பாயும், எந்த கீ என்று நாம் சொல்ல முடியாது. ஒரு டேபிளில் ஈமெயில், மொபைல் இரண்டும் யூனிக் என்றால் எதிர்பாராத ரெக்கார்டு மாறக்கூடும். ரீப்ளேஸைத் தொடவே வேண்டாம்: பழைய ரெக்கார்டை அழித்துவிட்டுப் புதிதாகப் போடும், கேஸ்கேட் வைத்த சைல்டு ரெக்கார்டுகளும் கூடவே போய்விடும். மெர்ஜ் பற்றி யாராவது கேட்பார்கள். போஸ்ட்கிரெஸ்ஸில் அது பெரிய தொகுப்பை ஒத்திசைக்க நல்லது. ஒரே நேரத்தில் பலர் எழுதும் இடத்தில் யூனிக் எரர் தரக்கூடும் என்பதால் ஆன் கான்ஃப்ளிக்ட்டுக்கு மாற்றாகாது.

தேதி வரம்பு சின்னத் தலைப்பு, ஆனால் பக் டிக்கெட்டில் அடிக்கடி வருவதால் சேருங்கள். டைம்ஸ்டாம்ப் ஃபீல்டில் ஜனவரி 1க்கும் 31க்கும் பிட்வீன் போட்டால் 31 என்பது அன்று நள்ளிரவு 12 மணி. அதற்குப் பிந்தைய அந்த நாள் முழுதும் போச்சு. ஜனவரி 1க்குச் சமமாகவோ பெரிதாகவோ, கூடவே பிப்ரவரி 1ஐவிடச் சிறியதாகவும் என்று எழுதவேண்டும். ஃபீல்டைத் தேதியாக மாற்றி ஒப்பிடுவது விடையைச் சரியாக்கும், ஆனால் அந்த ஃபீல்டில் உள்ள சாதாரண இன்டெக்ஸ் பயன்படாமல் போகும். டைம்ஸோனோடு உள்ள டைம்ஸ்டாம்ப்பைத் தேதியாக மாற்றி அதற்கு இன்டெக்ஸ் போடவும் போஸ்ட்கிரெஸ் விடாது, ஏனென்றால் விடை செஷனின் டைம்ஸோனைப் பொறுத்து மாறும்.

ஜாப் கியூ டேபிள் வைத்திருந்தால் ஃபார் அப்டேட் ஸ்கிப் லாக்டு (வேறொருவர் பூட்டிவைத்த ரெக்கார்டைத் தாண்டி அடுத்ததை எடுப்பது) ஒரு மீட்டிங்குக்குத் தகும்; இல்லையென்றால் தாண்டுங்கள். ரிகர்சிவ் சிடிஇயும் அப்படியே: கேட்டகரி மரமோ நிர்வாகப் படிநிலையோ இருந்தால் மட்டும். சுழற்சி வந்தால் போஸ்ட்கிரெஸ் தன்பாட்டில் ஓடிக்கொண்டே இருக்கும் (14இலிருந்து சைக்கிள் என்ற பகுதி உண்டு), மைஎஸ்க்யூஎல் 1,000 சுற்றில் நிறுத்தும். பிவட், ஜேசன் பாத், எஸ்க்யூஎல் 2023 தரத்தில் வந்த கிராஃப் குவெரி போன்றவற்றை ஆர்வலர்கள் தனியாகப் படித்துக்கொள்ளட்டும்.

நடத்தும் முறையில் சில. டேட்டாவை டெம்ப் டேபிளில் 8 முதல் 12 ரெக்கார்டுக்குள் வையுங்கள். அதில் கட்டாயம் ஒரு நல், ஒரே மதிப்புள்ள இரண்டு ரெக்கார்டு, சைல்டே இல்லாத ஒரு பேரன்ட் இருக்கட்டும். குவெரியைக் காட்டி, என்டர் அடிக்குமுன் "எத்தனை ரெக்கார்டு வரும்?" என்று கேளுங்கள். தவறாகச் சொன்னவருக்குத்தான் அது மறக்காது. மூன்று நிமிடம் நம் கோடிலிருந்து எடுத்த பழைய குவெரி, ஐந்து நிமிடம் புதிய வடிவம், நான்கு நிமிடம் பொறி, மிச்சம் கேள்விகள். புரொடக்ஷன் டேட்டாபேஸைத் திரையில் போடாதீர்கள், வாடிக்கையாளர் மொபைல் எண்கள் ரெக்கார்டிங்கில் பதிந்துவிடும். வேகத்தைக் காட்ட வேண்டுமென்றால் ஜெனரேட்_சீரீஸ் வைத்து 10 லட்சம் ரெக்கார்டு உருவாக்குங்கள். பின்னணியில் புள்ளிவிவரத்தைப் புதுப்பிக்கும் ஆட்டோவேக்யூம் டெம்ப் டேபிளைத் தொடாது, அனலைஸை நீங்களே ஓட்டவேண்டும். மறந்தால் பிளானர் ஏறுமாறான பிளானைக் காட்டி உங்கள் வாதத்தையே கவிழ்த்துவிடும். ஒவ்வொரு குவெரியையும் இரண்டு தடவை ஓட்டி இரண்டாவது நேரத்தைச் சொல்லுங்கள், முதல் தடவையில் டிஸ்கிலிருந்து படிக்கும் நேரமும் கலந்திருக்கும்.

டீம் ஓஆர்எம் (கோடிலிருந்து எஸ்க்யூஎல்லை உருவாக்கித்தரும் லைப்ரரி) வழியாகத்தான் எழுதுகிறது என்றால், அந்த அம்சத்தை ஓஆர்எம்மில் எப்படி எழுதுவது என்பதையும் கடைசி ஸ்லைடில் வையுங்கள். ஜாங்கோவில் விண்டோ ஃபங்ஷன் விடையை வடிகட்டுவது 4.2 முதலும், பல்க்_கிரியேட்டில் அப்ஸெர்ட் 4.1 முதலும் முடியும். ரெயில்ஸில் அப்ஸெர்ட்_ஆல் 6 முதல் உண்டு. அந்த ஸ்லைடு இல்லாவிட்டால் எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போய்ப் பழைய லூப்பையே எழுதுவார்கள். ஸ்கிரிப்டை ரிப்போவில் போட்டு, எந்தப் பதிப்பில் ஓட்டியது என்று முதல் வரியிலேயே குறியுங்கள். பேசியவரே அடுத்த மீட்டிங்குக்குள் நம் கோடில் ஒரு குவெரியை மாற்றி புல் ரிக்வெஸ்ட் அனுப்பவேண்டும் என்று வைத்துக்கொண்டால், அடுத்த தலைப்பை எவரும் ரிலீஸ் நோட்ஸில் போய்த் தேட மாட்டார்கள்.